இரண்டாவது பிரேக்

என் அண்ணனுக்கு ஊரார் வைத்த பெயர் 'பொறு வாத்தியார்'. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததை எங்கே போய்ச் சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறவன் கியரைத் தொடுவதற்கு முன்பே "பொறு" என்பார். திருப்பத்தில் "பொறு". மஞ்சள் விளக்கைக் கண்டால் "பொறு, பொறு". அவரிடம் பழகிய ஒருவன் வீட்டில் பெண்டாட்டி சண்டைக்கு வந்தாலும் "பொறு" என்கிறானாம். அதனாலேயே சண்டை இரண்டு மடங்காகிறதாம்.

வாசல் அறையில் உட்கார்ந்து போன் எடுப்பது, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, அண்ணன் சொல்லிக்கொடுக்கிற அழகைக் கேலி பண்ணுவது, இதெல்லாம் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணி இறந்துபோன பிறகு இந்த வீட்டில் அவரை அதட்ட ஆள் வேண்டுமே என்று நானே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். இப்போது அவரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் கேலி பாதியிலேயே நின்றுவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. அவருக்காகவும், எங்களுக்காகவும்.

முதலில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். நல்லொழுக்கப் பாடம் எடுத்தார். ஒரு பரீட்சையில் 'நேர்மை என்றால் என்ன?' என்று கேள்வி கேட்டிருந்தார். வகுப்பே ஒரே பதிலை எழுதி வைத்திருந்தது. முன்பெஞ்சுக்காரன் விட்ட எழுத்துப்பிழையைக் கடைசி பெஞ்சுக்காரன் வரை பயபக்தியோடு காப்பாற்றியிருந்தார்கள். ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "பதில் சரியாத்தானே சார் இருக்கு, மார்க்கைப் போடுங்க" என்று சொல்லிவிட்டார் அவர். இவரும் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த விடுமுறையோடு வேலையை விட்டார்.

"ஒழுக்கத்தைப் பேப்பர்ல படிச்சா பேப்பரோட போயிடும். ஸ்டீயரிங் பிடிக்கிறப்போ படிக்கணும். எதிர்ல ஒரு உசிரு நடந்து வருதில்ல, அதப் பாத்துப் படிக்கணும். அதுதான் ஒட்டும்" என்றார்.

"வேலைய விட்டுட்டு வர்றதுக்கும் உனக்கு ஒரு தத்துவம் வேணும்" என்றேன் நான்.

ஆனால் மனுஷன் சொன்னதைச் செய்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் இருக்குமே, அதுபோல இடப்பக்க சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் வைத்துக்கொண்டார். பழகுகிறவன் தடுமாறினால் வாத்தியார் தன் பக்கத்துப் பெடலை மிதிப்பார். அவர் மிதித்தால் அவன் பக்கத்துப் பெடலும் சேர்ந்து உள்ளே போகும். ஏற்பாடு அவ்வளவுதான்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் மெயின் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். நடுவில் நடக்கிறவர்களுக்காக வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு எந்த வண்டிக்காரனும் மரியாதை கொடுத்தது கிடையாது. வயிற்றுப்பிள்ளைக்காரிகூடக் கையை நீட்டிக்கொண்டு ஓடித்தான் கடக்க வேண்டும். அண்ணன் தன்னிடம் பழக வருகிற எல்லோரையும் தினமும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். கோடு நெருங்க நெருங்க அவர் வாய் திறந்துகொள்ளும். நடக்கிறவனுக்குத்தான் ரோடு முதல் சொந்தம், வண்டி நமக்குக் கிடைத்த வசதி, அதை அடுத்தவன் தலையில் ஏற்றக் கூடாது என்று வரிசையாகச் சொல்லுவார். வண்டி கோட்டுக்கு முன்னால் பூப்போல நிற்கும். யாராவது அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடந்து போவார்கள்.

"பாத்தியா? நீ நிறுத்தினதும் அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? இதான்யா படிப்பு!" என்று பழகுகிறவன் முதுகில் தட்டுவார். தட்டு வாங்கினவன் தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போவான்.

"ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட பழகினவங்க. இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும். அந்தக் கோட்டுல குழந்தைகூட தனியா நடந்து போகும்" என்று என்னிடம் சொல்லுவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். மனசுக்குள் நம்பத்தான் செய்தேன்.

இவருக்கு ஒரே மகள், என் மருமகள். வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள். கெட்டிக்காரி. நடக்கிறவர்களின் உரிமையைப் பற்றிக் கல்லூரியில் பேசிப் பரிசு வாங்கினாள். லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் அண்ணன் காக்கைக்கு அது முத்திரை குத்திய பொன். எல் போர்டு மாட்டிக்கொண்டு அவள் பழகிய நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

இதற்கு நடுவில் அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனது. சில வாரம் வண்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூலுக்கு லீவு விட்டோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணைக் காட்டுவதற்காக என்னோடு ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார். யோசித்துப் பார்த்தால், ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கோட்டை அவர் நடந்து கடந்ததே இல்லை. எங்கே போனாலும் வண்டிதான்.

அதனால் மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாகக் காலை ரோட்டில் வைத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குள் வேறு வார்டுக்குப் போயிருப்பார்.

முதலில் நிற்காமல் போனது அவரிடம் பழகிய ஜவுளிக்கடைக்காரர். "கடை திறக்கிற நேரம், அவசரமா இருக்கும்" என்றார் அண்ணன். அடுத்தது பால்வண்டி ஓட்டுகிறவன். "பின்னாடி வண்டி வந்தது பாரு, திடீர்னு நிறுத்த முடியாது." அப்புறம் பேங்க் மேனேஜரம்மா. அந்தம்மாவைப் பற்றி அண்ணன் ஒரு வருஷம் பெருமை பேசியிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "வணக்கம் சார்! கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டது நிஜம், நின்றது இல்லை. 'கண்ணு எப்படி' வரைதான் எங்களுக்குக் கேட்டது. 'இருக்கு' அடுத்த தெருக்காரர்களுக்குக் கேட்டிருக்கும்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எத்தனை பேருக்குத்தான் சமாதானம் சொல்லுவார்? கடைசியில் ஒரு கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு ஓடினோம். அண்ணனும் ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை. கடைக்காரரும் அண்ணனின் மாணவர்தான். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன். கண்ணுக்குச் சொட்டுமருந்து எடுத்துக் கொடுத்தபோது அண்ணன் கேட்டேவிட்டார்.

"ஏம்ப்பா, நீ அந்தக் கோட்டுல வண்டிய நிறுத்துறியா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உண்மையச் சொல்லணும்னா இல்ல சார்."

"என்கூட வந்தப்போ தினமும் நிறுத்தினியே?"

"நான் எங்க சார் நிறுத்தினேன்? நீங்க பேசிக்கிட்டே வருவீங்க, கோடு வந்ததும் பெடல் தானா உள்ள போகும். நான் சும்மா கால வச்சிருப்பேன். நல்ல வண்டி சார் அது." சிரித்தார். "லைசென்ஸ் வாங்கி என் வண்டில வந்தேனா, பெடல் போகல. சரி, அது வாத்தியார் வண்டில மட்டும்தான் போலருக்குன்னு விட்டுட்டேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மீதிச் சில்லறையை வாங்காமலே படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா பிரேக் போட்டேன்?" என்றார்.

"உனக்கே தெரியாதா?"

"தெரியலம்மா." காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "ஒரு ஆளு குறுக்க வர்றப்போ, இவன் நிறுத்துறானா பாப்போம்னு எப்படி விட முடியும்? உசிரு ஆச்சே" என்றார்.

அதுவும் நியாயம்தான். பிள்ளைக்கு நடை பழக்குகிறேன் என்று இத்தனை வருஷமும் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். பிரேக்கைப் போட்டது அவர், பாராட்டு வாங்கினது பிள்ளைகள். முன்பெஞ்சைப் பார்த்து எழுதின பதிலுக்கு மார்க் போட்டாரே, அந்தக் கதை மறுபடியும் நடந்திருக்கிறது. இந்தத் தடவை முன்பெஞ்சில் இருந்தது அவரேதான். இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் வெளியே தலை காட்டவில்லை. தெருவில் யாராவது "வணக்கம் சார்" என்றால் உள்ளே போய்விடுவார். புதிதாகப் பழக வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். "என்ன சொல்லி அனுப்ப?" என்று கேட்டேன். "சொல்லிக்குடுக்கத் தெரியாதுன்னு சொல்லு" என்றார். இப்படிப் பேசுகிறவரை எப்படி அதட்டுவது? அதட்டாமல் விட்டேன்.

டாக்டர் வண்டிக்கு அனுமதி கொடுத்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்குப் பாப்பாவ அந்த வழியா கூட்டிட்டுப் போறேன். நான் பெடல்ல கால் வைக்க மாட்டேன்."

"ஆளு குறுக்க வந்தா?"

"அவ நிறுத்துவா."

"நிறுத்தலன்னா?"

"உன் வாயில நல்லதே வராதா? மத்தவங்கள்லாம் கொஞ்ச நாள் என்கிட்ட வந்து போனவங்க. இவள நான் வளர்த்திருக்கேன். பொறந்ததுலேர்ந்து சொல்லி வளர்த்திருக்கேன். அவ நிறுத்தினா நாளைக்கே ஸ்கூலத் திறக்கிறேன். இல்லன்னா பலகையக் கழட்டிடு."

அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு மனுஷன் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கும் அவள் நிறுத்துவாள் என்றுதான் தோன்றியது. பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரம். மருமகள் நன்றாகவே ஓட்டினாள். கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், கியர் மாற்றியது எனக்குத் தெரியக்கூட இல்லை. அண்ணன் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா, தவமா?" என்று சிரித்தாள்.

"கால் வலிம்மா. நீ ஓட்டு."

ஆசிரியர் பயிற்சிக்காக அவள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். 'பிறரை மதித்தல்' என்பது பாடம். பிள்ளைகளை எப்படிப் பேசவைக்கப் போகிறேன், என்ன கதை சொல்லப் போகிறேன் என்று என்னிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. கோடு தெரிந்தது. பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒருவர், கையில் பிளாஸ்க்கோடு, எங்கள் வண்டியைப் பார்த்தார். எல் போர்டைப் பார்த்துப் பழகுகிற பிள்ளை, மெதுவாகத்தான் வரும் என்று நினைத்திருப்பார். கோட்டில் இறங்கி நடந்தார்.

மருமகள் அவரைப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். காலை பிரேக்கின் மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். பெடல் உள்ளே போவதற்காகக் காத்திருந்தாள்.

அண்ணன் காலை அவிழ்க்கப் பார்த்தார். முழங்கால் டேஷ்போர்டில் முட்டிக்கொண்டது. நான் கத்தினேன். அந்த மனிதர் பின்னால் துள்ளி விழுந்தார். பிளாஸ்க் உடைகிற சத்தம் கேட்டது. கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் மிதித்தாள், வண்டி குலுங்கி நின்றது.

அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா பிரேக் போடல?"

நான் இறங்கி ஓடினேன். அந்த மனிதர் எழுந்துவிட்டார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மடித்துவிட்ட சட்டைக் கையெல்லாம் பால். அவர் அதைக் கவனிக்காமல், உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் செருப்பால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"டயர்ல குத்திடும்மா" என்றார் என்னிடம். "தப்பு என்னோடதுதான். நீங்க போங்க, பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்க."

என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஊரைக் கூட்டின. ஏறிக்கொண்டேன். மருமகள் வண்டியை எடுத்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரம் போனதும், "அவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாரே அத்தை" என்றாள்.

"நிறுத்து" என்றார் அண்ணன்.

நிறுத்தினாள். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரத்தோடு ஒட்டி, ஒரு குறை சொல்ல முடியாதபடி நிறுத்தினாள். அண்ணன் இறங்கி வந்த வழியே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மகள் நல்லவளா என்று தெரிந்துகொள்ள யாரோ பெற்ற பிள்ளையை ரோட்டில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு உயிரை வைத்து எப்படிச் சோதிப்பது என்று கேட்ட அதே மனுஷன். நானும் சேர்ந்துதான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்த மனிதர் ஆஸ்பத்திரிச் சுவர் ஓரம் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"தப்பு உங்களோடது இல்லீங்க" என்றார். "நீங்க கோட்டு மேலதான் வந்தீங்க. அந்தப் பொண்ணு நிறுத்தியிருக்கணும். நிறுத்தல."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. தூரத்தில் எல் போர்டு வண்டி. இவர் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசர் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"இல்ல சார், இல்ல சார்" என்றார் பதறிப்போய். "பாப்பா நல்லாத்தான் ஓட்டிச்சு. நான்தான் பராக்கு பாத்துக்கிட்டு குறுக்க வந்துட்டேன். உள்ள வீட்டுக்காரிக்கு முடியல சார், அந்த நெனப்புல வந்துட்டேன். இத வச்சு பாப்பாவ ஃபெயில் பண்ணிடாதீங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன், தப்பு என்னோடதுதான்னு."

அண்ணன், "நான் ஆபீசர் இல்லீங்க. நான் அந்தப் பொண்ணோட..." என்று தொடங்கினார். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. வாத்தியார் என்று சொல்லவும் வரவில்லை.

மருமகள் எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அந்த மனிதர்தான் அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் ரத்தம் வழிகிற கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பயப்படாதம்மா, ஒண்ணும் ஆகல" என்றார். "சார்கிட்ட நான் சொல்லிட்டேன். நீ போயி நல்லா படி."

நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றோம்.